குப்பையைக் குறைக்கப் போய் பல்லைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க

பிளாஸ்டிக் ட்யூப், பிளாஸ்டிக் பிரஷ், பிளாஸ்டிக் டப்பாவில் பல்லிடுக்கைத் துடைக்கும் ஃப்ளாஸ் நூல், பாட்டிலில் மவுத்வாஷ். பல் துலக்கும் இடத்தில் இவ்வளவு குப்பை சேர்கிறதே என்று மாற்றத் தொடங்குபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு: உறையைப் பார்த்துப் பொருளைத் தேர்வது. கண்ணாடிக் குப்பியில், காகித உறையில் வருவதெல்லாம் பல்லுக்கு நல்லது ஆகிவிடாது. சொத்தை விழுந்து வேர் சிகிச்சை வரை போனால் ஒவ்வொரு முறையும் கையுறை, முகக்கவசம், ஊசி, உறிஞ்சு குழாய், உறைகள் என்று எல்லாமே ஒருமுறை பயன்படுத்தி எறிவதுதான். எனவே எந்த மாற்றமானாலும் முதல் கேள்வி பல்லின் கடினமான மேலோடான எனாமலையும் ஈறையும் அது காக்கிறதா என்பது. உறையைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான்.

இருப்பதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தொடங்குவது

பாதி ட்யூப் பேஸ்டையும் நல்ல நிலையில் உள்ள பிரஷ்ஷையும் எறிந்துவிட்டு "பசுமை செட்" வாங்கினால் அன்றைக்கே குப்பை கூடுகிறது. இருப்பதைத் தீர்த்துவிட்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பேஸ்ட் பிதுங்காத நிலைக்கு வந்ததும் ட்யூபின் நடுவில் கத்தரித்தால் இன்னும் சில நாளைக்கான பேஸ்ட் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய மிச்சம் அளவில் இருக்கிறது. விளம்பரப் படத்தில் பிரஷ்ஷின் நீளம் முழுக்க அலையாக வைப்பார்கள். பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு போதும். அது சுமார் கால் கிராம். பழக்கத்தை மாற்றினாலே ஒரு ட்யூப் முன்பைவிட இரண்டு மூன்று மடங்கு நாள் வரும். குழாயைத் திறந்துவிட்டபடி துலக்குவதும் இதே கணக்குதான்: நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடும் குழாயில் ஒருமுறை 2 நிமிடம், நாளுக்கு இருமுறை என்றால் 24 லிட்டர்.

சமையலறையில் பற்பொடி கலப்பது

அதிகச் சேதம் இங்கேதான் நடக்கிறது. எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் கலந்து தேய்த்தால் பல் வெளுக்கும் என்கிற குறிப்பு ஒழியவே மாட்டேன் என்கிறது. பிஹெச் (குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று காட்டும் அளவு) சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் 2-க்கும் 3-க்கும் இடையில். சோடா அதை நடுநிலையாக்கிவிடுமே என்றால், சரியான விகிதத்தில் கலந்தால் ஆக்கும். அப்போது மிஞ்சுவது நுரைத்து ஓய்ந்த ஓர் உப்புக் கரைசல், அதற்கு வெளுக்கும் சக்தியும் இல்லை. சாறு கொஞ்சம் கூடிவிட்டால் அமிலம் மிஞ்சி, மெலிந்த மேற்பரப்பை பிரஷ் வேறு உரசும். எனாமலை உண்டாக்கிய செல்கள் பல் முளைத்த பிறகு இருப்பதில்லை. அதனால் தேய்ந்தது மீண்டும் வளராது.

கரித்தூள் கதையும் இதுதான். அது மேல்கறையை உரசி எடுக்கும், அவ்வளவே. வீட்டில் இடித்த கரியில் துகள்கள் எவ்வளவு கரடு என்பது யாருக்கும் தெரியாது. தொடர்ந்து தேய்த்தால் எனாமல் மெலிந்து, அடியில் இருக்கும் மஞ்சள் நிற டென்டின் எட்டிப் பார்க்கும். வெளுக்கத் தேய்த்த பல் முன்பைவிட மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். கறுப்புத் துகள்கள் ஈறு விளிம்பிலும், அடைத்த பல்லின் ஓரத்திலும் போய்த் தங்கி, கோடு போட்டாற்போல நிற்கும், கொப்பளித்தாலும் போகாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 2017-இல் வந்த மதிப்பாய்வு, கரிப் பற்பொருட்களின் பாதுகாப்புக்கோ பயனுக்கோ போதிய சான்று இல்லை என்றே முடித்தது. களிமண் சேர்க்கும் குறிப்புகளிலும் எச்சரிக்கை வேண்டும். மண் என்பதால் ஈயம் போன்ற உலோகங்கள் அதில் இயல்பாகவே கலந்திருக்கலாம். சோதித்துப் பார்க்காத களிமண்ணை வாயில் வைப்பதற்கு "நச்சற்றது" என்று பெயர் வைப்பது வேடிக்கை.

சமையல் சோடா மட்டும் இந்தக் கூட்டத்தில் விதிவிலக்கு. அது எனாமலைவிட மென்மையானது, நீரில் கரைந்துவிடும், அமிலத்தையும் குறைக்கும். ஆனால் பல்லுக்குத் தாதுவைத் திருப்பித் தரும் வேலையை அது செய்யாது. தேங்காய் எண்ணெயில் குழைத்தாலும் அதேதான். கூடவே 24 டிகிரிக்குக் கீழே எண்ணெய் உறைந்து, துப்பிய தொட்டியின் குழாயை மெல்ல அடைக்கும். வாசனைக்கு என்று கிராம்பு எண்ணெயை நேரடியாக விட்டால் ஈறு வெந்து வெள்ளையாக உரியும். வாசனை எண்ணெய்கள் நீரில் கரையாமல் மிதப்பதால், "ஒரு டம்ளர் நீரில் நாலு சொட்டு" என்று கலந்தாலும் அந்த நாலு சொட்டு அப்படியே வாயின் ஓரிடத்தில் போய் ஒட்டும்.

ஃபுளூரைடைப் பார்த்து ஓடுவது

"நச்சில்லாதது" என்ற பெயரில் முதலில் ஒதுக்கப்படுவது பெரும்பாலும், சொத்தையைத் தடுக்கப் பேஸ்டில் சேர்க்கும் ஃபுளூரைடுதான். அளவைப் பார்த்தால் பயம் தெளியும். பெரியவர்களுக்கான பேஸ்டில் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கும். 1450 பிபிஎம் பேஸ்டைப் பட்டாணி அளவு எடுத்தால் அதில் சுமார் 0.36 மில்லிகிராம், அதிலும் பெரும்பகுதியைத் துப்பிவிடுகிறோம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பு. நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதற்கு மேல் இருக்கும் பகுதிகளில் கவலை நியாயமானதே, ஆனால் அங்கே முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. குழந்தைகள் விழுங்குவார்கள் என்பதால்தான் அளவு கறாராகச் சொல்லப்படுகிறது: 3 வயதுக்குக் கீழே ஓர் அரிசி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று துப்ப வைக்க வேண்டும்.

ஃபுளூரைடு வேண்டவே வேண்டாம் என்பவர்கள் ஹைட்ராக்ஸிஅபடைட் உள்ள பேஸ்டைப் பார்க்கலாம். எனாமலே அந்தத் தாதுவால் ஆனதுதான். வளர்ந்தவர்களிடம் நடந்த ஒப்பீடுகளில் நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன. ஆனால் ஃபுளூரைடுக்குப் பின்னால் இருக்கும் பல பத்தாண்டுச் சான்றின் கனம் அதற்கு இன்னும் இல்லை. அடிக்கடி சொத்தை விழுபவர்கள், வாய் உலர்ந்தே இருப்பவர்கள், பல்லில் கம்பி போட்டவர்கள் ஃபுளூரைடை விடாதிருப்பதே எங்கள் தீர்ப்பு. இரண்டும் இல்லாத மூலிகைப் பேஸ்ட் நன்றாக மணக்கும், பல்லைக் கொஞ்சம் சுத்தமும் செய்யும். சொத்தையைத் தடுப்பதில் அதை நம்ப முடியாது.

உண்மையில் தவிர்க்கத் தகுந்த பொருள் என்றால், அடிக்கடி வாய்ப்புண் வருபவர்களுக்கு நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட். அது இல்லாத பேஸ்டில் நுரை குறைவாக வரும். துலக்கியதற்கும் நுரைக்கும் தொடர்பில்லை.

மாத்திரை வடிவப் பேஸ்டில் பலவற்றில் ஃபுளூரைடு கிடையாது, உறையைத் திருப்பிப் படியுங்கள். ஈரக் கையை ஜாடிக்குள் விட்டால் மீதி மாத்திரைகள் ஊறிக் கட்டியாகிவிடும். மூடியில் ஒன்றைக் கொட்டி எடுங்கள். நன்றாக மென்று எச்சிலில் கூழாக்கிய பிறகே பிரஷ் வைக்க வேண்டும், கரடான துண்டோடு தேய்க்கக் கூடாது. சைலிடால் என்ற இனிப்பூட்டி கலந்தவை நாய்க்குக் கடும் விஷம் என்பதால் நாய் வளர்ப்பவர்கள் ஜாடியை உயரத்தில் வைக்கவும்.

மூங்கில் என்றால் முழுதும் மக்கும் என்று நம்புவது

கைப்பிடி மக்கும். தூரிகை இழைகள் பெரும்பாலும் நைலான்தான். ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்தது என்று போட்டிருந்தாலும் அது தாவர மூலப்பொருளில் செய்த நைலானே, மண்ணில் மக்காது. பன்றி முடி மக்கும், ஆனால் கரடு, ஈரம் காயத் தாமதமாகும். எதுவானாலும் "மென்மை" என்று போட்டதையே வாங்குங்கள்.

உரக்குழியில் போடும் முன் இழைகளைப் பிடுங்கியாக வேண்டும். ஒவ்வொரு குஞ்சமும் அடியில் ஒரு சின்ன உலோகத் தகட்டால் மடித்துக் குத்தப்பட்டிருக்கும். கூர்மூக்குக் குறடால் குஞ்சத்தை அடியோடு பிடித்து நேராக இழுத்தால் தகட்டோடு வரும். பக்கவாட்டில் முறுக்கினால் இழை மட்டும் அறுந்து தகடு உள்ளேயே தங்கிவிடும். பொறுமை இல்லையென்றால் தலையை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டு கைப்பிடியை மட்டும் உரத்துக்கு அனுப்பலாம். முழுக் கைப்பிடி மக்க நெடுநாள் ஆகும், சிறு துண்டுகளாக வெட்டிப் போடுங்கள்.

அடி கறுத்துப் பூஞ்சை பிடிப்பது இந்த பிரஷ்களின் பொதுப் புகார். மூடிய கோப்பையில் தண்ணீர் வடிந்து அடியில் தேங்குவதுதான் காரணம். உதறித் துடைத்து, காற்றோட்டமாக, அடி நனையாமல் தொங்கவிடுவது நல்லது. மூன்று நான்கு மாதத்தில், அல்லது இழை விரிந்ததும், மாற்றிவிடுங்கள்.

மூங்கில் பிடிக்காதவர்கள் தலையை மட்டும் மாற்றும் பிளாஸ்டிக் பிரஷ் வாங்கலாம். பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில் 2020-இல் வந்த ஆய்வு நான்கு வகைகளை ஒப்பிட்டபோது மூங்கிலும் இந்த வகையும்தான் சுற்றுச்சூழலுக்குக் குறைந்த பாதிப்பு தந்தன. மின்சார பிரஷ் பின்தங்கியது. கை நடுக்கம், மூட்டுவலி உள்ளவர்கள் அதற்காக மின்சார பிரஷ்ஷை விட வேண்டியதில்லை.

ஃப்ளாஸ் நூலைக் கைவிடுவது

குப்பை என்று இதை நிறுத்துவது தவறான சிக்கனம். பிரஷ் இழை பல்லிடுக்கில் நுழையாது. வழுக்கும் சில நூல்கள் பிடிஎஃப்இ என்ற ஃபுளூரின் சார்ந்த பிளாஸ்டிக். அது மக்கவே மக்காது. மெழுகு பூசிய பட்டு நூல் மக்கும், ஆனால் இறுகிய இடுக்கில் அறுந்துபோகும். சோள மாவிலிருந்து செய்ததாகச் சொல்லும் பிஎல்ஏ நூல் தொழிற்சாலை உரக்கூடத்தின் வெப்பத்தில்தான் மக்கும், வீட்டுக் குழியில் அல்ல. எந்த நூலையும் கழிப்பறையில் போட வேண்டாம்; குழாயில் மற்றவற்றோடு சுற்றிக்கொள்ளும்.

45 செ.மீ. அளவு எடுத்து, இரு நடுவிரல்களிலும் சுற்றி, அறுப்பது போல மெல்ல இறக்குங்கள். சடக்கென்று இறக்கினால் ஈறு வெட்டுப்படும். பல்லை அணைத்துப் பிறை வடிவில் வளைத்து, ஈறுக்குச் சற்று உள்ளே வரை மேலும் கீழுமாகத் துடைக்க வேண்டும். இடைவெளி அகலமாக இருப்பவர்களுக்கு இடுக்குப் பிரஷ் மேல். கழுவி, இழை தேயும் வரை திரும்பப் பயன்படுத்தலாம்.

துலக்கிய உடனே கொப்பளிப்பது

துப்பிவிட்டு அப்படியே விடுங்கள். தண்ணீரோ மவுத்வாஷோ விட்டால் பல்லில் படிந்த ஃபுளூரைடு கழுவிப் போய்விடும். பெரும்பாலானோருக்கு மவுத்வாஷ் தேவையே இல்லை. ஒரு பாட்டில் குப்பை அங்கே மிச்சம். வினிகர் கொப்பளிப்பு எலுமிச்சைக்கு அண்ணன் தம்பி, வேண்டாம். புளிப்பு எதையாவது சாப்பிட்டாலோ வாந்தி எடுத்தாலோ வெறும் நீரில் கொப்பளித்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

புதுப் பொருளுக்கு மாறிய பின் பல் கூச்சம் வந்தாலோ, ஈறு வெளுத்து உரிந்தாலோ அதை அன்றே நிறுத்துங்கள். ஈறில் ரத்தம் என்றால் வேறு கதை: ஃப்ளாஸ் புதிதாகத் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரம் கசிவது வழக்கம்தான், அதற்கு மேலும் நீடித்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே இறுகிப்போன பற்காரையை எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது.