இலவச ரூல்ஸ் தேடி இறக்கும்போது மினியேச்சர் ஆட்டக்காரர்கள் செய்யும் தவறுகள்

என் கணினியில் 'ரூல்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. மேசை மேல் சின்னப் பொம்மைப் படைகளை நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் ஆட்டங்களுக்கான விதிகள்தான் அதில். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்: 73 பிடிஎஃப். ரோமானியர், நெப்போலியன் காலம், டிராகன், விண்கலம், கடற்போர் என்று எல்லாமே இலவசமாக இறக்கியவை. அவற்றில் மேசை வரை வந்தது நான்கு. மிச்சத்தில் பாதியை முதல் பக்கத்துக்கு மேல் புரட்டியதுகூட இல்லை.

காசு கொடுத்து வாங்கிய புத்தகம் என்றால், கொடுத்த காசுக்காவது உட்கார்ந்து படித்துவிடுவோம். சும்மா கிடைத்ததற்கு அந்த உறுத்தல் கிடையாது. ஆனால் ரூல்ஸ்தான் இலவசம். அதை நம்பி நாம் வாங்கும் பொம்மைகள், வர்ணம் பூசும் ராத்திரிகள், எதிரில் உட்கார நேரம் ஒதுக்கும் நண்பர் இதெல்லாம் இலவசம் இல்லை. அறுபது வீரர்களுக்கு வர்ணம் பூசி பேஸில், அதாவது காலடியில் வரும் சின்னத் தட்டில், ஒட்டிய பிறகு, 'இந்த ரூல்ஸ் சரிப்படவில்லை' என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? எனக்குத் தெரியும். அதனால்தான் இலவச ரூல்ஸை, விலை கொடுத்து வாங்குவதைவிடக் கறாராகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன்.

எல்லா இலவசமும் ஒன்று என்று நினைப்பது

முதல் சறுக்கல் இங்கேதான். 'இலவசம்' என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்தாறு விதமான சரக்கு இருக்கிறது.

முழு ரூல்ஸையும் அப்படியே இலவசமாகக் கொடுப்பவர்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டு கோர்வஸ் பெல்லி நிறுவனத்தின் 'இன்ஃபினிட்டி' அப்படித்தான். ரூல்ஸும் இலவசம், படையைக் கட்டமைக்கும் கருவியும் இலவசம். அவர்கள் விற்பது உலோக பொம்மைகளை. 'ட்ரெஞ்ச் க்ரூசேட்' ரூல்ஸையும் டிஜிட்டலாக இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது, அடிப்படை மட்டும் இலவசம். 'ஒன் பேஜ் ரூல்ஸ்' அடிப்படை விதிகளையும் படைப் பட்டியல்களையும் இலவசமாகத் தருகிறது, விரிவான பதிப்புக்குக் காசு. எந்த பொம்மை வைத்திருந்தாலும் ஆடலாம் என்பதால், புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சரித்திரப் பக்கம் போக விரும்பினால், இலவசமாக வந்த 'பேசிக் இம்பீட்டஸ்' முதல் பதிப்பைத் தேடிப் பாருங்கள். 'இம்பீட்டஸ்' என்ற பெரிய ரூல்ஸின் சுருக்கம் அது. சுருக்கம் என்றாலும் தனியாகவே முழு ஆட்டம் ஆடலாம்.

மூன்றாவது வகையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: இன்றைக்கு இலவசம், நாளைக்கு இல்லை. கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனத்தின் வார்ஹாமர் 40,000 ஆட்டத்தின் பத்தாம் பதிப்பு 2023இல் வந்தபோது அடிப்படை விதிகளோடு எல்லாப் படைகளின் பட்டியல்களையும் இலவசமாகக் கொடுத்தார்கள். அப்புறம் ஒவ்வொரு படைக்கும் விலைக்கு விற்கும் புத்தகம் வர வர, அந்தந்த இலவசப் பட்டியல் காலாவதி ஆனது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அவர்கள் வியாபாரம் அப்படி. ஆனால் 'இலவசம்தானே' என்று உள்ளே நுழைந்தவர் இதைத் தெரிந்துகொண்டு நுழைய வேண்டும்.

நான்காவது, ஒரு காலத்தில் விற்ற ரூல்ஸை நிறுவனமே பிற்பாடு இலவசமாகத் திறந்துவிடுவது. பிரிட்டனின் கிரவுண்ட் ஜீரோ கேம்ஸ், விண்கலப் போருக்கான 'ஃபுல் த்ரஸ்ட்'டையும் தரைப்போருக்கான 'ஸ்டார்கிரண்ட் 2'ஐயும் இப்படித்தான் கொடுத்தது. அச்சுப் புத்தகமாக வந்து, பலர் ஆடிப் பார்த்து, ஓட்டைகள் வெளிப்பட்ட ரூல்ஸ் இவை. கண்டுகொள்ளப்படாத புதையல் என்றால் இந்த வகைதான்.

'விரும்பியதைக் கொடுங்கள்' என்று போட்டிருப்பதும் ஒன்று உண்டு. பூஜ்யம் போட்டு இறக்கலாம், தப்பில்லை. பிடித்திருந்தால் திரும்பிப் போய் ஏதாவது கொடுத்துவிட்டு வருவது என் வழக்கம்.

கடைசியாக, யாரோ ஸ்கேன் செய்து ஏற்றிய திருட்டுப் பிரதி. பக்கம் கோணலாக இருக்கும், நடுவில் இரண்டு பக்கம் காணாமல் போயிருக்கும், அதுவும் துல்லியமாகச் சண்டை அட்டவணை இருந்த பக்கமாக இருக்கும். இதை இலவசம் என்ற கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

பழசு என்றால் உரிமை இல்லை, ஆடவும் சுலபம் என்று எண்ணுவது

இதில் இரண்டு தவறுகள் ஒட்டிப் பிறந்திருக்கின்றன.

எச். ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' என்ற பொம்மைப் போர் ஆட்டப் புத்தகம் இன்று யாரும் உரிமை கோர முடியாத பொதுச் சொத்து. 1946இல் அவர் இறந்தார், ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டு வரை காப்புரிமை என்று கணக்குப் போட்டாலும் தாண்டியாயிற்று. தாராளமாக இறக்கலாம், அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம். சரி, ஆட முடியுமா? வெல்ஸின் ஆட்டத்தில் பீரங்கிக்குப் பகடை கிடையாது. ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் மர உருளையைச் சுட்டு, எதிரி வீரர்களை நிஜமாகவே கீழே சாய்க்க வேண்டும். ஈயச் சிப்பாய்களுக்கு அது பொருத்தம். மூன்று வாரம் உட்கார்ந்து கண்புருவம் வரை வர்ணம் தீட்டிய உங்கள் குதிரைவீரன் மேல் அதைச் சுடச் சம்மதிப்பீர்களா? படிக்க அருமையான புத்தகம், அதில் சந்தேகமில்லை. மேசைக்கு வேறு எடுத்துக்கொள்ளுங்கள்.

'கிரீக்ஸ்பீல்' என்ற போர்ப் பயிற்சி ஆட்டத்தின் கதை வேறு. பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்டது. 1:8000 அளவு வரைபடம், ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடப் போர் நேரம், தீர்ப்புச் சொல்ல நடுவர். ஜெர்மன் மூலத்துக்கு இன்று யாரும் உரிமை கேட்க முடியாது. ஆனால் நம் கைக்கு வருவது மூலம் இல்லையே, ஆங்கில மொழிபெயர்ப்புதானே. பரவலாகப் புழங்கும் மொழிபெயர்ப்பு 1980களில் வந்தது, அந்த உரிமை மொழிபெயர்த்தவர் பக்கம். 'இருநூறு வருஷத்துப் பழசு, யார் கேட்கப்போகிறார்கள்' என்று அதைப் பிரதி எடுத்து ஏற்றுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

ஒரே பக்கம் என்றதும் சுலபம் என்று நம்புவது

நான் அதிகம் அடிபட்டது இதில். ஒரு பக்க ரூல்ஸைப் பார்த்தால் மனசு லேசாகிவிடும். ஆனால் அந்த ஒரு பக்கத்தில் இல்லாத ஒவ்வொன்றையும் ஆட்டத்தின் நடுவே நாமும் எதிராளியும் பேசித் தீர்க்க வேண்டியிருக்கும்.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: 'வில்லாளர்கள் 12 அங்குலத்துக்குள் இருக்கும் எதிரியை எய்யலாம்.' தெளிவாகத்தான் இருக்கிறது. இனி கேள்விகள். எங்கிருந்து அளப்பது, பேஸின் விளிம்பிலிருந்தா, பொம்மையின் நடுவிலிருந்தா? யாரை எய்யப்போகிறேன் என்று சொல்வதற்கு முன்பே அளந்து பார்க்கலாமா? படையில் பாதிப் பேர் 12 அங்குலத்துக்குள்ளும் பாதிப் பேர் வெளியிலும் இருந்தால் எத்தனை பகடை? முன்னால் நம் ஆட்களே நின்றால் அவர்கள் தலைக்கு மேல் எய்யலாமா? கைகலப்பில் இருக்கும் எதிரியை எய்யலாமா? எந்த ரூல்ஸை இறக்கினாலும் நான் முதலில் தேடுவது இந்த ஐந்துக்கும் பதில். மூன்றுக்காவது இருந்தால் மேலே படிப்பேன்.

அடுத்தது ஒரு சின்னக் கணக்கு. பேனா, காகிதம் போதும். இருபது பேர் கொண்ட ஒரு படை மேல் பத்து பகடை உருட்டுகிறீர்கள், 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி. சராசரி ஐந்து அடி. கவசத்துக்கு எதிராளி உருட்டி, அவருக்கும் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வீரர் பிழைத்தார் என்று வைத்துக்கொண்டால், விழுவது இரண்டரை பேர். இருபது பேரும் விழ எட்டுச் சுற்று வேண்டும். ஆட்டமோ ஆறு சுற்றுதான் என்று ரூல்ஸ் சொல்கிறது. அப்படியென்றால் வெறும் அம்பாலும் குண்டாலும் எதுவும் முடிவாகாது. உடனே மனவுறுதி விதியைத் தேடிப் பாருங்கள். எத்தனை பேர் விழுந்தால் படை கலங்கும், எப்போது ஓடும் என்று இருக்கிறதா? சரித்திர ஆட்டத்துக்கு இது உயிர்நாடி. கடைசி ஆள் வரை நின்று செத்த படைகள் அபூர்வம், பெரும்பாலானவை அதற்கு வெகு முன்னாலேயே உடைந்து ஓடியவைதான். நெப்போலியன் காலம் என்று அட்டையில் போட்டுவிட்டு, உள்ளே எல்லோரும் ஒவ்வொருவராகச் சாகும்வரை சுட்டுக்கொண்டிருந்தால், அது வேஷம் மாற்றிய வேறு ஏதோ ஆட்டம்.

அளவைப் பார்த்துப் பயப்படுவது, அல்லது பார்க்காமலே இருப்பது

'இது 28 மி.மீ. உயரப் பொம்மைக்கான ரூல்ஸ், என்னிடம் 15தான் இருக்கிறது' என்று நல்ல ரூல்ஸை மூடி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்குலம் என்று வரும் இடத்திலெல்லாம் சென்டிமீட்டர் என்று படியுங்கள், பெரும்பாலும் தீர்ந்தது. ஆறடிக்கு நாலடி மேசை கேட்கும் ஆட்டம், அதாவது 72க்கு 48 அங்குலம், 72க்கு 48 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். எழுதும் மேசை போதும். 6 மி.மீ. பொம்மைகளுக்கு இது கச்சிதம், 15க்குக் கொஞ்சம் நெருக்கும், அப்போது ஒன்றரை சென்டிமீட்டராக வைத்துக்கொள்ளலாம்.

பேஸ் விஷயமும் அப்படித்தான். 1990இல் வந்த 'டிபிஏ' விலைக்கு விற்கும் ரூல்ஸ்தான் என்றாலும், 15 மி.மீ.க்கு 40 மி.மீ. அகலம், 28க்கு 60 மி.மீ. அகலம் என்ற அதன் பேஸ் அளவுகள் பழங்காலப் போர் ஆடும் பலருக்கும் பொது அளவாகிவிட்டன. புதிய ரூல்ஸ் வேறு அளவு கேட்டால் பேஸை உரித்து எடுக்காதீர்கள். இரு தரப்பும் ஒரே அகலமாக இருந்தால் பெரும்பாலான ஆட்டங்கள் சிக்கலில்லாமல் ஓடும். கேட்பது 80, உங்களிடம் 40 என்றால் இரண்டைப் பக்கத்தில் வைத்தால் முடிந்தது.

இன்னொன்று, அச்சடிக்கும்போது. பல இலவச ரூல்ஸின் கடைசிப் பக்கத்தில் வெட்டி எடுக்க அளவுகோலும், குண்டு விழும் பரப்பைக் காட்டும் வட்ட டெம்ப்ளேட்டும் இருக்கும். கோப்பு அமெரிக்க லெட்டர் அளவில் செய்யப்பட்டிருக்கும், நம் பிரிண்டரில் இருப்பதோ ஏ4. 'பக்கத்துக்குள் பொருத்து' என்பதை அப்படியே விட்டால் 216 மி.மீ. அகலம் 210க்குள் சுருங்கும். ஆறு அங்குல அளவுகோல் ஆறு அங்குலம் இருக்காது. ஓரத்து இடைவெளியையும் சேர்த்தால் இன்னும் குறையும். நானும் நண்பரும் ஆளுக்கொன்று அச்சடித்துக்கொண்டு வந்து, என் குதிரைப்படை அவருடையதைவிடச் சற்றே மந்தமாக ஓடிய ஆட்டம் ஒன்று உண்டு. மூன்றாவது சுற்றில்தான் இரண்டு அளவுகோல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 'நூறு சதவீதம்' என்று வைத்து அச்சடித்து, நிஜ ஸ்கேலால் ஒருமுறை சரிபாருங்கள்.

பாயிண்ட் இல்லை என்று ஒதுக்குவது

ஃபேன்டசி ரூல்ஸில் ஒவ்வொரு படைக்கும் அதன் பலத்துக்கேற்ப பாயிண்ட் போட்டிருப்பார்கள், இரு தரப்பும் சமமாக வரட்டும் என்று. சரித்திர இலவச ரூல்ஸ் பலவற்றில் அது இருக்காது. அதைக் குறை என்று நினைக்க வேண்டாம். சமமில்லாத இரண்டு படைகளை வைத்து, சின்னப் படைக்கு ஒரு பாலத்தையோ மேட்டையோ கொடுத்து, 'ஆறு சுற்று தாக்குப்பிடித்தால் வெற்றி' என்று வையுங்கள். முடிந்ததும் பக்கம் மாற்றி இன்னொரு ஆட்டம். பாயிண்ட் போட்டிருந்தாலும் சமநிலைக்கு அது உத்தரவாதமில்லை என்பதை எதிராளியின் ஒற்றை டிராகன் சீக்கிரமே சொல்லிக்கொடுக்கும்.

சுட்டியை மட்டும் சேமிப்பது

'பிளட் பௌல்', 'மோர்ட்ஹைம்' ஆகிய ஆட்டங்களின் ரூல்ஸை கேம்ஸ் வொர்க்ஷாப் ஒரு காலத்தில் தன் தளத்திலேயே இலவசமாக வைத்திருந்தது. பிற்பாடு எடுத்துவிட்டது. அன்று இறக்கி வைத்தவர்களிடம் இன்றும் இருக்கிறது, சுட்டியை மட்டும் குறித்து வைத்தவர்களிடம் வெற்றுப் பக்கம்தான். இறக்குங்கள், கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண்ணையும் தேதியையும் சேர்த்துவிடுங்கள். இலவச ரூல்ஸ் சத்தமில்லாமல் மாறும். ஆட்டத்துக்கு முன்னால் இருவரிடமும் ஒரே பதிப்பு இருக்கிறதா, திருத்தப் பட்டியல் ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது சண்டையை மேசையோடு நிறுத்தும்.

ஆனால் இறக்கியதை உங்கள் பக்கத்தில் திரும்ப ஏற்றாதீர்கள். இறக்க அனுமதி இருப்பதால் பரப்பவும் அனுமதி என்று ஆகாது. நண்பருக்கு ஆசிரியரின் சுட்டியை அனுப்புங்கள். ஓர் ஆட்டத்தின் நுட்பத்தை எடுத்து உங்கள் சொல்லில் புது ரூல்ஸ் எழுதலாம், பொதுவாகக் காப்புரிமை எழுத்துக்கும் படத்துக்கும்தான். தமிழில் மொழிபெயர்த்து வெளியிட ஆசை என்றால் முதலில் அனுமதி கேளுங்கள். தனியாளாக எழுதி இலவசமாகக் கொடுப்பவர்கள் பலர் சந்தோஷமாகவே சரி என்பார்கள்.

பொம்மை வாங்கிய பிறகு ஆடிப் பார்ப்பது

வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். கெட்டியான அட்டையில் 40 மி.மீ. அகலத்தில் துண்டுகள் வெட்டி, 'ஈட்டி', 'வில்', 'குதிரை' என்று பேனாவால் எழுதுங்கள். தரப்புக்கு மூன்று படை, நடுவில் ஒரு புத்தகம் மலையாக. மூன்று சுற்று, தனியாகவே இரண்டு பக்கமும் ஆடலாம். ரூல்ஸைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். எந்த இடத்தில் திரும்பத் திரும்பப் பக்கம் புரட்டினீர்கள், எந்த இடத்தில் ரூல்ஸ் வாயே திறக்கவில்லை என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்.

என் 73 கோப்புகளையும் இப்படி வடிகட்டத் தொடங்கினேன். இப்போது ஃபோல்டரில் ஒன்பது இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் ஆசிரியருக்கு, கைகலப்பில் இருக்கும் படையை எய்யலாமா என்று கேட்டு எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது, அடுத்த பதிப்பில் அதற்கென்று ஒரு வரி சேர்ந்திருந்தது: எய்யலாம், ஆனால் பகடையில் 1 விழுந்தால் அந்த அடி உங்கள் ஆளுக்கு.