கட்டாமல் விட்டாலும் நின்ற இடத்திலேயே நிற்கக் குதிரையைப் பழக்குவது எப்படி?

லாடம் அடிப்பவர் ஈப்போவிலிருந்து வரும் நாளில் குதிரையைப் பிடித்துக்கொள்ள எனக்கு இன்னோர் ஆள் வேண்டியிருந்தது. சுங்கை சிப்புட்டில் காலை வேளையில் யார் சும்மா இருக்கிறார்கள்? அதனால்தான் இந்தப் பழக்கத்தைக் கையில் எடுத்தேன்.

என் குதிரை பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற தரோபிரட், அதாவது பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் இனம். பந்தய லாயத்தில் வளர்ந்த குதிரையை வெளியே கொண்டுவந்தால் யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டே இருப்பார். கயிறு தளர்ந்தால் புறப்படலாம் என்றுதான் அதற்குத் தெரியும். தலைவார் (வாயில் இரும்பு இல்லாமல் தலையில் மாட்டும் வார்) போடவும், உங்களோடு நடக்கவும், சொன்னால் பின்னால் நகரவும் உங்கள் குதிரைக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

கயிறும் இடமும்

பன்னிரண்டு அடி நீளம், கட்டைவிரல் பருமன், பருத்திக் கயிறு. நைலான் வேண்டவே வேண்டாம்; குதிரை இழுத்தால் உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். கடிவாளத்தோடும் இதைப் பழக்காதீர்கள்: தொங்கும் வாரை மிதித்துவிட்டுத் தலையைத் தூக்கினால் இரும்பு வாயைக் கிழிக்கும். வேலியும் மூடிய கதவும் உள்ள இடம் அவசியம். காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். பிறகு வெயில், மாலையில் இடி.

படி 1: தலையைத் தாழ்த்தல்

கயிற்றை மெல்லக் கீழ்நோக்கி இழுங்கள். தலை ஓர் அங்குலம் இறங்கினாலும் உடனே விடுங்கள். கயிற்றைத் தானே மிதிக்கும் நாளில் மிரண்டு பின்னால் பாயாமல் தலையைத் தாழ்த்த இதுதான் கைகொடுக்கும்.

படி 2: ஒரு சொல்

முதலில் "நில்" என்றேன். "நட" என்பதும் அதே ஒலியில் தொடங்குவதால் குதிரை குழம்பியது. இப்போது நிற்க "ஹோ", கிளம்ப "வா". "ஹோ" என்று ஒரே முறை சொல்லிவிட்டுக் கயிற்றைத் தரையில் போடுங்கள், ஓரடி விலகுங்கள், மூன்று எண்ணுங்கள், திரும்பிப் போய்க் கழுத்தைத் தடவுங்கள்.

படி 3: நகர்ந்தால்

இங்கேதான் நான் மூன்று வாரம் வீணாக்கினேன். குதிரை நகர்ந்ததும் கயிற்றை எடுத்து, ஒரு வட்டம் சுற்றி, பழைய இடத்துக்கு அழைத்து வருவேன். லாயத்தில் நெடுங்காலம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, அது நகர்ந்தால் நீ உலா கூட்டிப் போகிறாய். பிறகு ஏன் நிற்கும்?" என்றார்.

அன்றே மாற்றினேன். செம்மண்ணில் முன்னங்கால்களுக்கு நேராகக் குச்சியால் ஒரு கோடு போட்டேன். இரண்டு அடி முன்னே வந்தால் நேராக இரண்டு அடி பின்னே அனுப்பினேன். குளம்பு கோட்டுக்கு வந்ததும் கயிற்றைத் தளர்த்தினேன். திட்டும் அடியும் கூடாது. இடம் மாறினால் வேலை, இடத்தில் நின்றால் ஓய்வு என்பது மட்டும் குதிரைக்குப் புரிய வேண்டும்.

காலை எடுத்து வைத்த பிறகு திருத்துவது தாமதம். கால் எழும் முன்பே எடை தோளுக்குப் போகும், மார்பு சற்று முன்னே சாயும். அந்தக் கணத்தில் "ஹோ" சொன்னால் பாதி வேலை குறையும். அதனால் குதிரையின் முகத்தைப் பார்க்காமல் மார்பைப் பாருங்கள்.

படி 4: தூரம், நேரம்

இரண்டையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். பத்து அடி விலகும் நாளில் நேரத்தைக் குறையுங்கள். பின்புறமாகச் சுற்றும்போது குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். வாலுக்கு நேர் பின்னே குதிரைக்குக் கண் தெரியாது. பத்து நிமிடம் போதும், அது நன்றாக நிற்கும்போதே முடித்துவிடுங்கள்.

நிற்கும் குதிரையைத் தூரத்திலிருந்து ஒருபோதும் கூப்பிடாதீர்கள். நீங்களே அதனிடம் போய்த்தான் விடுவிக்க வேண்டும். கேரட்டும் அப்படித்தான், அது நிற்கும் இடத்தில் கொடுங்கள். கையில் காட்டி நின்றால் தேடி வரும்.

படி 5: சத்தம்

செம்பனைக் குலை ஏற்றிய லாரி, மோட்டார் சைக்கிள், கிளை தாவும் குரங்குகள் எல்லாம் கடைசியில்தான். முதலில் தூரத்துச் சத்தத்தில் தொடங்குங்கள். எவ்வளவு பழகினாலும் சாலையோரத்தில் கட்டாமல் விடாதீர்கள். மிரண்டால் ஓடுவது குதிரையின் பிறவிக் குணம்.

பிற்சேர்க்கை: கோல கங்சாரிலிருந்து ஒரு வாசகி, எல்லாம் சரியாகச் செய்தும் தன் குதிரை காலை உதைத்துக்கொண்டே இருக்கிறது என்று எழுதினார். மறுநாள் தரையைப் பார்க்கச் சொன்னேன். எறும்புப் புற்றின் மேல் நிறுத்தியிருக்கிறார்! இடத்தைக் கூட்டிப் பார்த்த பிறகே கோடு போடுங்கள். கடிக்கும் பெரிய ஈக்கள் மொய்க்கும் நாளில் பயிற்சியை விட்டுவிடுங்கள். வலியில் கால் மாற்றும் குதிரையைத் திருத்துவது அநியாயம். ஒரே காலையே அது மாற்றி மாற்றி வைத்தால் கயிற்றை வைத்துவிட்டுக் குளம்பைத் தூக்கிப் பாருங்கள்.