பாவித்த ஓட்டோ லெவல் வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்க முன் 60 மீற்றர் நடவுங்கள்

கோப்பாயில் ஒரு மண்டபத்துக்கு அத்திவாரம் போட்டபோது தூர மூலை 15 மில்லிமீற்றர் உயர்ந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்தவர் மேசன் அண்ணை, தண்ணீர்க் குழாயை வைத்து. பிழை என் ஓட்டோ லெவலில், அதாவது இடங்களின் உயர வித்தியாசத்தை அளக்கும் தொலைநோக்குக் கருவியில். பெட்டி புதிதாகவும் லென்ஸ் பளிச்சென்றும் இருந்ததால் நம்பி வாங்கிய பாவித்த கருவி அது. அதன் பிறகுதான் கருவியைச் சோதித்து வாங்கப் பழகினேன்.

முதலில் வேலையைத் தீர்மானியுங்கள். வீட்டு மட்டம், மதில், வெள்ள வாய்க்கால் என்றால் ஓட்டோ லெவல் போதும். காணி எல்லை பிரித்து வரைபடம் கீறுவது உரிமம் பெற்ற நில அளவையாளரின் வேலை. அதை நம்பிக் கருவி வாங்க வேண்டாம்.

புதிதா, பழையதா? பெயர் தெரியாத புதியதைவிட நல்ல நிலையிலுள்ள பழைய ஜப்பான் லெவலையே நான் எடுப்பேன். சொக்கியா பி40, நிக்கோன் ஏசி-2எஸ் போன்றவை 24 மடங்கு உருப்பெருக்கம் உள்ளவை. 1 கிலோமீற்றர் போய்த் திரும்பும் மட்டமெடுப்பில் 2 மில்லிமீற்றர் துல்லியம் சொல்லப்படும் கருவிகள். கட்டட வேலைக்கு இது தாராளம்.

கையில் எடுத்ததும் லென்ஸை வெளிச்சத்துக்குப் பிடித்து, உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். நம்முடைய உப்புக் காற்றிலும் மாரி ஈரத்திலும் பூட்டிய பெட்டிக்குள் அது சுலபமாகப் பிடிக்கும். பிறகு முக்காலியில் பூட்டி, ஸ்ராஃபை (அளவு குறித்த நீளக் கோல்) லெவலால் பார்த்தபடி முக்காலிக் காலை விரலால் தட்டுங்கள். லென்ஸுக்குள் தெரியும் குறுக்குக் கம்பி ஆடி, பழைய இடத்துக்கே வர வேண்டும். அடுத்து, குமிழி வட்டத்தை விட்டு வெளியே போகாதபடி ஒரு கால் திருகாணியைச் சற்றுத் திருப்புங்கள். வாசிப்பு மாறினால், பார்வைக் கோட்டைத் தானாக மட்டமாக்க உள்ளே தொங்கும் ஈடுசெய்பொறி பழுது. அதை வைத்துவிட்டு வாருங்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

சரி, இனி நான் செய்யாமல் விட்ட சோதனை. காலை 9 மணிக்கு முன் செய்யுங்கள். வெயில் ஏறினால் நிலத்தின் மேல் காற்று அலைபாய்ந்து ஸ்ராஃப் இலக்கங்கள் ஆடும். 60 மீற்றர் இடைவெளியில் அ, ஆ என இரண்டு முளை அடியுங்கள். கருவியைச் சரி நடுவில் வைத்து இரண்டையும் வாசியுங்கள். எனக்கு அ 1.425 மீற்றர், ஆ 1.310 மீற்றர். வித்தியாசம் 0.115. இரண்டு பக்கமும் ஒரே தூரம் என்பதால் கருவியில் பிழை இருந்தாலும் அது வெட்டுப்பட்டுப் போகும். ஆகவே இது உண்மையான வித்தியாசம்.

இப்போது கருவியைத் தூக்கி, அ முளைக்கு அப்பால் 2 மீற்றரில் வையுங்கள். அ 1.502 என்றால் ஆ 1.387 வர வேண்டும். என் கருவி 1.423 காட்டியது. 60 மீற்றருக்கு 36 மில்லிமீற்றர் பிழை, அதாவது 25 மீற்றருக்கு 15. மண்டபத்தில் கருவியை ஒரு மூலைக்குப் பக்கத்தில் வைத்து, 25 மீற்றர் கூடிய தூரத்திலிருந்த மூலைக்கு மட்டம் கொடுத்திருந்தேன். கணக்கு அப்படியே பொருந்தியது.

இந்தப் பிழை 3 மில்லிமீற்றருக்குள் வந்தால் வாங்கலாம். கூட வந்தாலும், ஈடுசெய்பொறி நல்லதென்றால், குறுக்குக் கம்பியைத் திருத்தலாம். அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் ரோட்டல் ஸ்ரேசன் தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1 செக்கன் (பாகையின் 3600இல் ஒரு பங்கு) கோணப் பிழை 100 மீற்றரில் அரை மில்லிமீற்றர்தான். இரண்டு பரப்புக் காணியின் பக்கம் ஏறக்குறைய 22 மீற்றர். அதற்கு 5 செக்கன் கருவி நிறையவே போதும். 1 செக்கனுக்குக் காசைக் கொட்டாதீர்கள். பற்றரி இப்போதும் கிடைக்கிறதா, தரவை இறக்கும் கேபிள் உங்கள் கணினியில் வேலை செய்கிறதா என்பதுதான் முக்கியம். வேறு கம்பனிப் பிரிசம் (கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) போட்டால் அதன் மாறிலியையும் (தூரத்தில் சேர்க்கும் திருத்த எண்) கருவியில் மாற்ற வேண்டும், இல்லையேல் ஒவ்வொரு தூரமும் சில சென்ரிமீற்றர் பிழைக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், கருவி சரியாக இருந்தும் வாசிப்பு ஒத்துவரவில்லை என்று எழுதியிருந்தார். பிழை ஸ்ராஃபில். இழுத்து நீட்டும் அலுமினிய ஸ்ராஃபின் பூட்டு தேய்ந்து, மேல்துண்டு 4 மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. உருக்கு ரேப்பை ஒவ்வொரு மூட்டுக்கும் குறுக்கே பிடித்து இலக்கங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.