மெட்ரோ பள்ளங்களைத் தாண்டி மருத்துவமனைக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் நடக்கும் சாலைகளில் அதிகம் திண்டாடுகிறவர்கள் நோயாளிகள்தான். மாதவரத்தில் தொடங்கி சிறுசேரி சிப்காட் வரை போகும் மூன்றாவது வழித்தடத்தில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கும் ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கும் நிலையங்கள் வருகின்றன. முடிந்த பிறகு பெரிய வசதிதான். அதுவரை, போன மாதம் நடந்து போன வழி இந்த மாதம் தகரத் தடுப்புக்குள் போயிருக்கலாம். கிளம்புகிறவர்கள் மொத்தத் தூரத்தைக் கணக்குப் போடுகிறார்கள். கடைசி அரைக் கிலோமீட்டரைப் பற்றி யோசிப்பதில்லை. சிக்கல் முழுவதும் அந்த அரைக் கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி ஆட்டோ ஏறுவது முதல் தவறு. எழும்பூர் ஆஸ்பத்திரி என்றால் எது? குழந்தைகள் நல மருத்துவமனை ஹால்ஸ் சாலையில், மகப்பேறு மருத்துவமனை பாந்தியன் சாலையில். கண் மருத்துவமனை தனியாக இன்னோர் இடத்தில். கீழ்ப்பாக்கம் என்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, மனநல மருத்துவமனையா? சாதாரண நாளில் இந்தக் குழப்பம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒருவழிப் பாதையும் மாற்றுப்பாதையுமாக இருக்கும் இடத்தில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் ஊரைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். அதற்குள் ஓ.பி. சீட்டு கொடுக்கும் நேரம் முடிந்துவிடும். எந்தப் பிளாக், எந்தக் கேட், எந்தச் சாலைப் பக்கம் என்பதைக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கைபேசி வரைபடம் சாலை மூடியிருப்பதைச் சொல்லலாம். மருத்துவமனையின் எந்தக் கேட் இன்று திறந்திருக்கிறது என்பதை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். அங்கே ஏற்கெனவே உறவினரைச் சேர்த்திருப்பவர் யாராவது இருந்தால் அவரைக் கேட்பதே மேல்.

வளாகத்துக்குள்ளேயே கட்டடம் இடித்துக் கட்டப்படும் இடங்களில் இன்னொரு சங்கடம் உண்டு. பழைய சீட்டில் எழுதியிருக்கும் அறை இப்போது வேறு கட்டடத்துக்குப் போயிருக்கலாம். நோயாளியையும் அழைத்துக்கொண்டு தேடி அலைய வேண்டாம். அவரை நிழலில் உட்காரவைத்துவிட்டு, கூட வந்தவர் உதவி மேசையில் விசாரித்து வரட்டும். சக்கர நாற்காலி தேவைப்படுகிறவருக்கும் இதே வழிதான்: தடுப்புக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நாற்காலி வரும் என்று காத்திருக்காமல், ஒருவர் முன்னே போய்ப் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பழைய வழியை நம்பி வருவது அடுத்த தவறு. முன்பு கோயம்பேட்டில் இறங்கி மெட்ரோ ஏறினால் நேராகக் கீழ்ப்பாக்கம், எழும்பூர், சென்ட்ரல் என்று போய்விடலாம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பேருந்துகளில் வருகிறவர்களுக்கு அந்த வசதி போயிற்று. அங்கிருந்து நகரத்துக்குள் ஆட்டோவோ வாடகைக் காரோ பிடித்தால், பணம் போவதோடு பள்ளம் தோண்டிய சாலைகளும் எதிர்ப்படும். தாம்பரம் வந்து கடற்கரை மின்சார ரயிலைப் பிடித்தால் இந்தச் சாலைகளைத் தொடாமலே போகலாம். பூங்கா நிலையத்தில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. ஓமந்தூரார் மருத்துவமனைக்கு அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையம். ராயப்பேட்டைக்கு ஆயிரம் விளக்கு நிலையத்தில் இறங்கி மிச்சத்துக்கு மட்டும் ஆட்டோ. எழும்பூர் ரயில் நிலையத்திலும் சீரமைப்புப் பணி நடப்பதால் சில ரயில்கள் தாம்பரத்தோடு நிறுத்தப்பட்டதுண்டு. எங்கே முடிகிறது என்று டிக்கெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘தற்காலிகம்’ என்ற அறிவிப்பைப் பார்த்து அடுத்த தேதிக்குள் சரியாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் கடற்கரை, சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்றார்கள். மீண்டும் ஓடியது 2024 அக்டோபர் 29 அன்று.

தூசியைப் பெரும்பாலோர் தொல்லையாக மட்டுமே பார்க்கிறார்கள். சிலருக்கு அது ஆபத்து. மண்ணைத் தோண்டும்போதும் பழைய சுவரை இடிக்கும்போதும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் காற்றில் கிளம்பும். ஆரோக்கியமான நுரையீரல் அவற்றைச் சமாளித்துவிடும். ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கிறவர்கள், சிறுநீரகமோ எலும்பு மஜ்ஜையோ மாற்றிக்கொண்டவர்கள், அதிக அளவில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு அதே வித்துகள் கடுமையான நுரையீரல் தொற்றாக மாறக்கூடும். கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்வது இவர்களுக்குப் போதாது. சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்கும் ஓரத்தில் காற்றை விட்டுவிடும். முகத்தோடு ஒட்டி நிற்கும் என்-95 வேண்டும். இவர்களை ஆட்டோவில் ஏற்றாமல் கண்ணாடி ஏற்றிய காரில் அழைத்துப்போவதும், எந்தக் கேட் பக்கம் தூசி குறைவு என்று பார்த்து அங்கே இறக்குவதும் ஆடம்பரம் அல்ல. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பைக்குள் ஆழத்தில் வைக்காமல் கையில் எடுக்கும்படி வைத்திருக்க வேண்டும்.

அவசரம் என்றால் ‘ஆம்புலன்ஸ் வருவதற்குள் நாமே போய்விடலாம்’ என்று பைக்கிலும் ஆட்டோவிலும் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைப்பாக இருக்கும். நெஞ்சுவலிக்காரரை நடுவில் உட்காரவைத்து மாற்றுப்பாதை நெரிசலில் மாட்டிக்கொண்டால் கையில் ஆக்சிஜனும் இல்லை, முதலுதவி தெரிந்தவரும் இல்லை. 108-ஐ அழையுங்கள்; கட்டணம் கிடையாது. அழைக்கும்போது வீட்டு எண்ணைவிட, எந்தத் தெருமுனை வரை வண்டி வர முடியும் என்பதைச் சொல்வது முக்கியம். ஒருவரை அந்த முனையில் நிற்கவையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தடுப்பை ஒட்டித் தேங்கிய நீரில் இறங்கி நடக்காதீர்கள். அடியில் பள்ளமா, மின்கம்பியா என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. சுற்றியாவது போங்கள்.

போவதை யோசிக்கும் குடும்பங்கள் திரும்புவதை மறந்துவிடுகின்றன. டயாலிசிஸ் முடிந்தவருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். காலையில் நடந்து வந்த அதே தூரத்தை மதியம் அவரால் நடக்க முடியாமல் போகலாம். சிசேரியன் ஆன பெண்ணை மேடுபள்ளமான மாற்றுப்பாதையில் ஷேர் ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு போவது தேவையற்ற வேதனை. அரசு மருத்துவமனையில் பிரசவமானவர்களைத் தாயும் சேயுமாக வீட்டில் இலவசமாகக் கொண்டுவிட 102 வாகனச் சேவை உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்த பிறகு கேட்காமல், முந்தைய நாளே வார்டு நர்ஸிடம் சொல்லி வையுங்கள். தனியாகக் கார் பிடிப்பதாக இருந்தால், மருந்து வாங்கி முடித்த பிறகு அழையுங்கள். தடுப்புகளுக்கு நடுவே கேட் அருகில் ஓட்டுநரால் நீண்ட நேரம் நிறுத்தி வைத்திருக்க முடியாது. போலீஸ் நகர்த்தச் சொன்னால் அவர் மறுபடி சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.