எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாகச் சிமிட்டியபோது

போன மாதம் ஒரு காலையில் வீட்டில் இணையம் வரவில்லை. போனில் வைஃபை அடையாளம் முழுசாக இருந்ததால் இணைப்பில் கோளாறு இல்லை என்று நினைத்துவிட்டேன். ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டும் பயனில்லை.

அப்புறம்தான் விளக்குகளைக் கவனித்தேன். வைஃபை விளக்கு பச்சை. அது ரவுட்டருக்கும் போனுக்கும் இடையிலான தொடர்பை மட்டுமே சொல்லும். வெளியிலிருந்து இணையத்தை ஒளியாகக் கொண்டுவரும் ஃபைபர் (மெல்லிய கண்ணாடி இழை) வயரின் நிலையைச் சொல்பவை பான் (PON, ஃபைபர் இணைப்பு), எல்.ஓ.எஸ். (LOS, சிக்னல் இழப்பு) என்ற இரண்டு விளக்குகள். பான் நிலையாக எரிந்தால் இணைப்பு பதிவாகிவிட்டது. சிமிட்டினால் இன்னும் முயல்கிறது. எல்.ஓ.எஸ். சிவப்பாகச் சிமிட்டினால் ஒளியே போதுமான அளவு வந்து சேரவில்லை. எங்கள் வீட்டில் அதுதான் சிமிட்டியது. எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் இது சரியாகாது.

ரவுட்டருக்கு வரும் மஞ்சள் ஃபைபர் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். முந்தின நாள் நகர்த்திய பீரோ, அதைச் சுவரோடு மடக்கி அழுத்தியிருந்தது. ஃபைபர் கூர்மையாக மடங்கினால் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். பீரோவை இழுத்து, வயரை அகலமான வளையமாக விட்டேன். சிவப்பு அணைந்தது, பான் சிறிது நேரம் சிமிட்டிவிட்டு நிலையாக நின்றது.

இந்த வயரைக் கழற்ற நேர்ந்தால் அதன் முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். உள்ளே வருவது 1490 நானோமீட்டர் லேசர் ஒளி, கண்ணுக்குத் தெரியாது.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஒளியின் அளவையும் பார்த்தேன்: -21 டி.பி.எம். (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு). பொதுவாக -27க்குக் கீழே, அதாவது -28, -29 என்று போனால்தான் சிக்கல்.