தோட்டத்து வீட்டில் ஒரு கேம் சேர்வர்: கணினிக்கு முன் லைனைப் பாருங்கள்

ஹட்டனில் தம்பி, பண்டாரவளையில் மச்சான், கொழும்பில் கடை வேலைக்குப் போன அண்ணன். மூவரும் ஒரே உலகத்தில் சேர்ந்து விளையாட, மாதாமாதம் காசு கட்டி வெளிநாட்டில் சேர்வர், அதாவது அந்த உலகத்தை ஓட்டி எல்லோரையும் இணைக்கும் கணினி, எடுக்கத் தேவையில்லை. வீட்டில் கிடக்கும் பழைய லெப்டொப்பே போதும். மலையகத்தில் தடங்கல் வருவது இன்டர்நெட் லைனிலும் கரண்டிலும்தான். அதனால் லைனிலிருந்தே தொடங்குவோம்.

லைன் எப்படிப்பட்டது?

பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான ரவுட்டர்களின் பக்கம் திறக்கும். திறக்காவிட்டால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். உள்ளே 'வான்' (WAN) என்ற இடத்தில் உள்ள ஐபி முகவரியை, அதாவது இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கூகிளில் உங்கள் ஐபி என்ன என்று தேடி, வருவதை அதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் நல்ல காலம், உங்கள் வீட்டுக்கென்றே ஒரு பொது முகவரி இருக்கிறது.

வேறு வேறாக இருந்தால், அதுவும் ரவுட்டரில் உள்ளது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரைக்குள்ளோ தொடங்கினால், நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். சிம் போடும் 4ஜி ரவுட்டர்களில் பெரும்பாலும் இதே கதைதான். அப்படியானால் ரவுட்டரில் எந்தப் போர்ட்டை, அதாவது வெளித் தொடர்பு நுழையும் எண்ணிட்ட வாசலை, திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. இதைப் பார்க்காமல் ராத்திரி முழுக்க செட்டிங்ஸைக் குடைவதில் பயனில்லை. வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

வேகத்தில் டவுன்லோடை விடுங்கள், அப்லோடைப் பாருங்கள். சேர்வர் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஃபைபர் என்றால் தாராளம். பழைய செம்புக் கம்பி ஏடிஎஸ்எல்லில் அப்லோட் சுமார் 1 எம்பிபிஎஸ்தான். நாலைந்து பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாத டேட்டாவும் இதில் கழியும், மறக்க வேண்டாம்.

கேமை நிறுவுதல்

தொடங்குகிறவர்களுக்கு நான் லுவான்டியைச் சொல்வேன். 2024 வரை மைன்டெஸ்ட் என்று இருந்ததுதான் இது. மைன்கிராஃப்ட் போலக் கட்டி விளையாடலாம். இலவசம், கணக்குத் திறக்கத் தேவையில்லை, அண்ட்ரொய்ட் போனிலும் ஓடும். ஆளுக்கொரு கேம் வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதானது எனக்குத் தெரியாது.

அதன் தளத்திலிருந்து விண்டோஸுக்கான ஸிப்பை இறக்கி, விரித்து, 'பின்' (bin) ஃபோல்டரில் உள்ள லுவான்டியை ஓடவிடுங்கள். உள்ளே கேம் எதுவும் இருக்காது. 'கொன்டென்ட்' பகுதிக்குப் போய் வொக்ஸலிப்ரே என்ற கேமை இறக்குங்கள். அப்புறம் 'ஸ்டார்ட் கேம்' பக்கத்தில் புது உலகம் ஒன்றை உருவாக்கி, 'ஹோஸ்ட் சேர்வர்' கட்டத்தில் டிக் போடுங்கள். பெயர், பாஸ்வேர்ட் கொடுங்கள். போர்ட் 30000 என்றே இருக்கட்டும். சேர்வரை ஊருக்கு அறிவிக்கும் 'அனவுன்ஸ்' கட்டத்தில் டிக் வேண்டாம். வெளித் தொடர்புகளைத் தடுக்கும் காவலான விண்டோஸ் ஃபயர்வோல் அனுமதி கேட்டால் கொடுங்கள்.

வெளி ஆட்களைக் கூப்பிடும் முன் வீட்டு வைஃபையிலேயே சோதியுங்கள். போனில் லுவான்டியைத் திறந்து, 'ஜொயின் கேம்' பக்கத்தில் லெப்டொப்பின் உள் முகவரியை, 192.168.1.20 மாதிரி ஒன்றை, அடித்தால் உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் பிரச்சினை வீட்டுக்குள்தான். முதலில் ஃபயர்வோலைப் பாருங்கள்.

வெளியே கதவு திறத்தல்

பொது முகவரி உள்ளவர்களுக்கு இரண்டு வேலை. ரவுட்டரில் லெப்டொப்புக்கு மாறாத உள் முகவரி ஒதுக்குங்கள். பிறகு 'போர்ட் ஃபோர்வர்டிங்', சில ரவுட்டர்களில் 'வேர்ச்சுவல் சேர்வர்', என்ற இடத்தில் 30000ஐ அந்த முகவரிக்குத் திருப்புங்கள். தரவு அனுப்பும் முறையைக் கேட்கும் இடத்தில் யூடிபி (UDP) என்று போடுங்கள். இன்னொரு முறையான டிசிபி (TCP) என்று போட்டால் வேலை செய்யாது.

போர்ட் திறந்திருக்கிறதா என்று சொல்லும் இணையத் தளங்கள் பெரும்பாலும் டிசிபியைத்தான் பார்க்கும். உங்கள் யூடிபி சரியாகத் திறந்திருந்தாலும் 'மூடியிருக்கிறது' என்று சொல்லிப் பயமுறுத்தும். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பொது முகவரியை அடித்துச் சேர்ந்து பாருங்கள். அதுதான் சரியான சோதனை.

கரண்ட் போய் வந்து ரவுட்டர் மறுபடி எழும்பினால் பொது முகவரி மாறிவிடலாம். மாறும் முகவரிக்கு மாறாத பெயர் தரும் டக்டிஎன்எஸ் போன்ற இலவச சேவையில் ஒரு பெயர் எடுத்து வைத்தால், மச்சானுக்கு ஒவ்வொரு முறையும் புது நம்பர் அனுப்ப வேண்டியதில்லை.

பொது முகவரி இல்லாதவர்கள் கூடுதல் கட்டணத்துக்குக் கிடைக்குமா என்று நிறுவனத்திடம் கேட்கலாம். காசில்லாத வழி டெய்ல்ஸ்கேல், தூரத்துக் கணினிகளையும் போன்களையும் ஒரே தனி வலையில் இணைக்கும் செயலி. லெப்டொப்பிலும் நண்பர்களின் போனிலும் நிறுவி, உங்கள் லெப்டொப் ஒன்றை மட்டும் அவர்களுக்குப் பகிருங்கள். பிறகு அது தரும் 100இல் தொடங்கும் முகவரியை அடித்து அவர்கள் சேரலாம். மேலே சொன்ன 100.64 வரிசைதான் இதுவும். கண்டு குழம்ப வேண்டாம். போர்ட் எதையும் திறக்காததால், பொது முகவரி உள்ளவர்களுக்கும் எனக்கு இந்த வழிதான் பிடிக்கும்.

போர்ட்டைத் திறந்தவர்கள், செட்டிங்ஸில் 'டிஃபோல்ட் பாஸ்வேர்ட்' ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். புதிதாக வருகிறவர் அது தெரிந்தால்தான் நுழையலாம்.

கரண்டும் இடியும்

தென்மேல் பருவக் காற்றில் மரம் முறிந்து லைனில் விழுவது நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தாருக்குப் புதிதல்ல. லெப்டொப்பில் பெட்டரி கொஞ்ச நேரம் தாங்கினால் அதுவே யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் ஓடவைக்கும் பெட்டரி. ரவுட்டருக்குத்தான் சின்ன யூபிஎஸ் வேண்டும். வாங்கப் போகும் முன் ரவுட்டரின் அடப்டரைத் திருப்பிப் பாருங்கள். அவுட்புட் 12 வோல்ட், 1 அம்பியர் என்பது போல எழுதியிருக்கும். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். அம்பியர் குறையக் கூடாது, கூடலாம். கடைக்காரர் 'எல்லாம் ஒன்றுதான்' என்றால் நம்பாதீர்கள்.

ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி கூடும். முழக்கம் கேட்டதுமே சேர்வரை நிறுத்தி பிளக்கைக் கழற்றுங்கள். செம்புக் கம்பி லைன் என்றால் ரவுட்டரில் செருகிய தொலைபேசி வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

லெப்டொப் தூங்காதபடியும், மூடியைச் சாத்தினாலும் ஓடும்படியும் பவர் செட்டிங்ஸில் மாற்றுங்கள். நுவரெலியா குளிரில் சூடாகிவிடும் என்ற பயம் குறைவு. ஆனால் சிமெந்துத் தரையில் வைக்காதீர்கள், ஈரம் ஏறும்.

வாரம் ஒருமுறை சேர்வரை நிறுத்திவிட்டு, 'வேர்ல்ட்ஸ்' ஃபோல்டரில் உள்ள உங்கள் உலகத்தை அப்படியே பென்டிரைவுக்குப் பிரதி எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த பிரதி அரைகுறையாக இருக்கலாம்.