கல்லை எடுத்தாயிற்று, குழாயை?

எங்கள் சிறுநீரகப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் மருத்துவர் சென்ற வாரம் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பயிற்சிக் காலத்தில் நான் எழுதிய அதே வரி! அதனால்தான், ரோபோ கொண்டு சிறுநீரகக் கல் எடுக்கும் அறுவையில் நாம் செய்யும் தவறுகளைப் பற்றி இதை எழுதுகிறேன். வலமா இடமா என்று குறித்தீர்களா, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தினீர்களா என்பதையெல்லாம் தொடப்போவதில்லை. செக்லிஸ்ட்டே அவற்றைப் பிடித்துவிடும்.

ரோபோ இருக்கிறதே என்று ரோபோ

2 செ.மீ.க்கு மேற்பட்ட சிறுநீரகக் கல்லுக்கு, முதுகில் சிறு துளையிட்டு உடைத்தெடுக்கும் பி.சி.என்.எல்.தான் இன்றும் முதல் தேர்வு. சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் சேருமிடத்தில் அடைப்பும் இருந்தால், அல்லது சிறுநீரகம் இடம் மாறி இடுப்புக்குள் கிடந்தால், அப்போது ரோபோவுக்கு வேலை உண்டு. அடைப்பைச் சீர்செய்யும்போதே கல்லும் வந்துவிடும்.

கை உணரும் என்று நம்புவது

2024-இல் அமெரிக்க அனுமதி பெற்ற டா வின்சி 5 என்னும் அறுவை ரோபோவுக்கு முந்தைய டா வின்சி மாடல்களில் இழுவிசை கைக்குத் தெரியாது. நூல் அறுந்த பிறகுதான் தெரியும்.

சிறுநீரில் கிருமி உண்டா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவு வராமல் மேசையில் ஏற்றுவது

கூடாது.

ஸ்டென்ட்டை மறப்பது

ரோபோவை இயக்கும் கான்சோலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து அழகாகத் தைப்போம். தையல் ஆறும்வரை சிறுநீர் வடிய, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை டிஜே ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை வைப்போம். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் எடுத்துவிட வேண்டும். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார், நாம் அடுத்த கல்லுக்குப் போய்விடுவோம்.

லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர் முதுகுவலி என்று வந்தார். எக்ஸ்ரேயில் குழாயின் இரு முனைகளிலும் கல் வளர்ந்து, எலும்புபோல வெள்ளையாகத் தெரிந்தது. அறுவை நடந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கசங்கிய சம்மரியை நீட்டினார். "ஆறு வாரத்தில் மறுபரிசோதனை" என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே என் கையெழுத்து. "கல்லை எடுத்துவிட்டீர்கள், வலியும் இல்லை, எதற்கு வரவேண்டும் சார்?" என்று கேட்டார். உள்ளே குழாய் இருப்பதை அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. மரத்துப்போகும் ஜெல்லி போட்டு ஐந்து நிமிடத்தில் உருவியிருக்க வேண்டிய குழாய் அது. கீழ்முனையை லேசரால் உடைத்து, மேல்முனைக்கு முதுகில் துளையிட்டு, இரண்டு அறுவைகளில் எடுத்தோம்.

சிறுநீர் உப்பு எந்தக் குழாயிலும் படியும். ஏற்கெனவே கல் உண்டாகும் உடம்பில் இன்னும் வேகமாகப் படியும். இது தெரியாத யூராலஜிஸ்ட் கிடையாது. தெரிந்தும் "மறுபரிசோதனை" என்றே எழுதுகிறார்களே, அங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. "உள்ளே குழாய் இருக்கிறது, இந்தத் தேதியில் எடுக்க வேண்டும்" என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். எக்ஸ்ரேயில் குழாயைக் காட்டுங்கள், கூட வந்தவருக்கும் சேர்த்து. சிறுநீர் கழிக்கையில் விலாவில் இழுக்கும், சற்று ரத்தம் கலந்து வரலாம் என்றும் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் அறுவையே கெட்டுவிட்டது என்று பயந்து வேறு மருத்துவரிடம் போய்விடுவார்.

இப்போது என் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. குழாய் வைத்தால் பெயர் ஏறும், எடுத்தால் சிவப்பு மையில் அடிபடும். கணினியில் எல்லாம் இருக்கிறதே என்று இளையவர்கள் சிரிக்கிறார்கள். கணினி யாருக்கும் போன் செய்து நான் பார்த்ததில்லை.

எடுத்த கல்லை டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புவது

ஷோகேஸில் வைப்பார். ஒரு துண்டையாவது பரிசோதனைக்கு அனுப்புங்கள்; யூரிக் அமிலக் கல் என்றால் அடுத்ததை மருந்திலேயே கரைத்துவிட முடியும்.